கண்ணாடிக்குள் நின்றவள்

அந்த ஆளுயரப் பொம்மையை என் அண்ணன் கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார். உடையாமலிருக்க வைக்கோல் வைத்து, மேலே வெள்ளைக் காடாத் துணியைத் தலை முதல் கால் வரை சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, வழியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்துக் கொண்டுவந்தார். அண்ணியைப் பிரசவத்துக்குக் கண்டிக்குக் கூட்டிப்போனபோதுகூட அவர் அவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை. ஹட்டன் ஸ்டேசனில் இறக்கி, ஒருவர் தலைமாட்டையும் ஒருவர் கால்மாட்டையும் பிடித்துக்கொள்ள, தூங்காத கண்களோடு அண்ணன் முன்னால் நடக்க, கடைத்தெரு வழியாக எங்கள் துணிக்கடைக்குத் தூக்கி வந்தார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். இதையெல்லாம் அண்ணி சொல்லித்தான் கேட்டேன். நேரில் பார்த்திருந்தால் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அண்ணன் கேட்டிருக்கமாட்டார், அது வேறு விஷயம்.

பஸ்கள் எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போன மறுவருடம் அது, ஐம்பத்தொன்பது. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

கடை அப்பா தொடங்கியது. நாடு சுதந்திரம் பெற்றபோது எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கடையில்தான் இருப்பேன். சம்பளம் போட்ட மறு ஞாயிறு என்றால் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. சுற்றிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து குளித்து, பூ வைத்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் இறங்கி வருவார்கள். கடைக்குள் நாற்காலியும் இல்லை, மேசையும் இல்லை. பெரிய பாய் விரித்திருக்கும். வந்தவர்கள் வட்டமாக உட்காருவார்கள், அப்பா சேலைகளை நடுவில் விரித்துப் போடுவார். அவர்கள் சேலையைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவர்கள் இல்லை. விரலால் கசக்கிப் பார்ப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்து லயத்துக்காரி, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்காரி, எடுத்த நிறத்தை மறந்தும் எடுக்கமாட்டார்கள். ஒரு சேலைக்கு அரை நாள் ஆகும். மூட்டை முடிச்சை எங்களிடம் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்து, மறுபடியும் உட்கார்ந்து பிடித்த இடத்திலிருந்து தொடங்குவார்கள். எந்தத் தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு இது எத்தனையாவது மாதம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

பிறகு எனக்குக் கல்யாணமாகி லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அவர் அங்கே கணக்கப்பிள்ளை, மலையில் வேலையாட்களை மேய்க்கிற வேலை. நாலு வருடம். மழையில் நனைந்தபடியே மலை ஏறி இறங்கியதில் சளி நெஞ்சில் கட்டி, ஒரே வாரத்தில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கைத் தையல் மெஷினுமாகத் திரும்பி வந்தேன். அப்பா காலமாகியிருந்தார். கடை அண்ணனுடையதாகியிருந்தது.

அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். "இது ஒன்னோட வீடு, யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல முடியாது" என்று முதல் நாளே சொன்னார். மறுநாள் காலை நான் கடைப் பக்கம் போனபோது வழியை மறித்துக்கொண்டு, மெதுவாக, கெஞ்சுகிற குரலில், வியாபாரம் நடக்கிற இடம், நாலு பேர் நல்லது கெட்டதுக்குத் துணி எடுக்க வருகிற இடம், வருகிறவர்கள் மனசு எப்படி இருக்கும் என்று நாம் சொல்ல முடியாது என்றார். என் நெற்றியைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பின்னறை ஒதுக்கப்பட்டது. துணி மூட்டைகள் அடுக்கி வைக்கிற அறை. ஒரு சின்ன ஜன்னல், சந்துக்குத் திறக்கிற ஒரு கதவு. அங்கே மெஷினைப் போட்டுக்கொண்டு, பாவாடைக்கும் தலையணை உறைக்கும் ஓரம் அடித்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில்தான் தெரு செத்துக்கொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குக் கேட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரைச்சலில் மெஷின் ஓடுகிற சத்தமே கேட்காது. இப்போது விற்பனையாள் கொட்டாவி விடுவதும் கேட்டது. காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. தோளில் துணிமூட்டை சுமந்த வியாபாரிகள் லயத்துக்கே போக ஆரம்பித்துவிட்டார்கள். லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்து, பெண்களை வட்டமாக உட்கார வைத்து, கசக்கிப் பார்க்கவும் எச்சில் தொட்டுப் பார்க்கவும் விட்டார்கள். எங்கள் அப்பாவின் பாயைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே விரித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனார்கள்.

அண்ணனிடம் நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொன்னேன். சேலை எடுக்கிற பெண்ணுக்கு ரவிக்கை வேண்டும். டவுனில் உள்ள தையல்காரர்கள் எல்லோரும் ஆண்கள். ஆணிடம் அளவு கொடுக்க அவர்களுக்குக் கூச்சம். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போய், பொருந்தாத ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வருடம் முழுக்கத் திட்டுவார்கள். என் மெஷினைக் கடைக்கு முன்னால் போடுங்கள், நான் அளவெடுத்து, அவர்கள் ஊர் திரும்புகிற கடைசி பஸ்ஸுக்குள் தைத்துக் கொடுக்கிறேன், மூட்டைக்காரனால் அது முடியாது என்றேன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார். நல்ல யோசனைதான் என்பார். ஆனால் முன்னால் என்ற சொல் வந்ததும் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

என் யோசனைக்குப் பதிலாகக் கண்ணாடி வந்தது. கொழும்பில் பெரிய கடைகளைப் பார்த்து வந்திருந்தார். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். குறுக்கே நீளமாக ஒரு மேசை போட்டு, சேலைகளை அதற்குப் பின்னால் அலமாரியில் அடுக்கினார். தெருப்பக்கம் சுவரை இடித்துவிட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூடு கட்டினார். வாசலுக்கும் கண்ணாடிக் கதவு. தரைக்குச் சிவப்புப் பாலிஷ். சேற்றுக் காலோடு வருகிறவர்கள் அந்தத் தரையைப் பார்த்தாலே வாசலில் நின்றுவிடுவார்கள் என்றேன். கால் துடைக்கச் சாக்கு போட்டிருக்கிறேன் என்றார். பெயர்ப்பலகையும் புதிது. சிங்களத்திலும் இங்கிலீசிலும் பெரிதாக எழுதி, தமிழை மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதியிருந்தான் பெயின்டர். எங்கள் வாடிக்கையாளர்களில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது அந்த மிஞ்சிய இடத்து எழுத்து மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பொம்மை.

சுண்ணக்கட்டி நிறத்தில் ஒரு வெள்ளைக்காரி. என் உயரம். கண் நீலம், தலைமுடி பழுப்பு, முடியைக்கூடச் சாந்திலேயே செய்து வண்ணம் பூசியிருந்தார்கள். அப்போது நைலான் சேலை புதிது. வெள்ளையில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு போட்ட ஒன்றைக் கொடுத்து, கொழும்பில் இப்போது இதுதான் என்று துணிக் கம்பெனி ஏஜென்ட் ஒருவன் அண்ணன் தலையில் கட்டியிருந்தான். அண்ணி அதை உடுத்தினாள். பழுப்பு முடி அசிங்கமாக இருக்கிறதென்று முந்தானையை இழுத்துத் தலைக்கு முக்காடும் போட்டுவிட்டாள். கண்ணாடிக் கூட்டுக்குள் நிறுத்தினார்கள்.

அன்று மத்தியானம் கடை அடைத்திருந்த நேரத்தில் நான் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் வளையல் இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை. மழைக்காலம், கண்ணாடியில் புகைபோல ஈரம் படிந்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் கண் நீலமா கறுப்பா என்று யாருக்குத் தெரியப்போகிறது? என்னைத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அண்ணியிடம் சொன்னேன், நெற்றி வெறுமையாக இருக்கிறது, தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்மைக்கு என்னா நெத்தி?" என்று கேட்டாள். எனக்கு மட்டும் என்ன நெற்றி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இன்றைக்கும் அது ஒரு குறை.

முதல் ஞாயிறு தெருவில் கூட்டம் இருந்தது. கடைக்குள் யாரும் வரவில்லை. பெண்கள் கூட்டமாக வந்தார்கள், கண்ணாடிக்கு எதிரே நின்றார்கள், பார்த்தார்கள், தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். சிலர் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று விற்பனையாள் சொன்னார். அண்ணன் அதைத் தூசி என்றார். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. பொம்மையின் அழகில் சொக்கிப்போய் நிற்கிறார்கள், பழகினால் உள்ளே வருவார்கள் என்றார். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

பக்கத்துச் சலூன்காரர்தான் கடைசியில் அண்ணனிடம் சொன்னது, நெற்றி மொட்டையாக நிற்கிறது, நாள் கிழமைக்கு அது ஆகாது என்று. நான் சொன்னபோது ஏறாதது சலூன்காரர் சொன்னதும் ஏறிவிட்டது. உடனே ஏற்பாடு நடந்தது. வெள்ளைச் சேலையை உருவிவிட்டு அரக்குச் சேலை. கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல். கழுத்துக்கு மஞ்சள் கயிறு. தலைக்கு மல்லிகைக்குப் பதில், மலையில் கிடைக்கிற வெள்ளைச் செவ்வந்திச் சரம். குங்குமச் சிமிழ் பின்னறை மாடத்தில் இருந்தது. அண்ணி கடையிலிருந்து குரல் கொடுத்தாள். சரி, எடுத்துக் கொடுப்போம் என்று எழுந்தேன். அதற்குள் அவளே ஓடிவந்து, "நீ தொடாத, நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிமிழோடு போனாள்.

இரண்டு நிமிடத்தில் அந்தச் சாந்துப் பொம்மை சுமங்கலி ஆகிவிட்டது. எனக்கு இரண்டு வருடமாக இல்லாதது எல்லாம் அதற்கு வந்துவிட்டது. அன்றைக்கு அழுதேன். துக்கம் என்று சொல்லமாட்டேன், ஆத்திரம். தலையணை உறை ஒன்றுக்கு நாலு பக்கமும் சேர்த்துத் தைத்துவிட்டேன், பிறகு பிரித்தேன்.

பொட்டு வைத்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. மூன்றாவது ஞாயிறு வந்தவர்கள் தெருவைக் கடந்து போகவில்லை. செருப்பு போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். கை கூப்பினார்கள். கண்ணாடிக்குக் கீழே சிமெண்டுத் திண்டில் யாரோ வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்கள். யாரோ சூடம் கொளுத்தியதில் புதுக் கண்ணாடியின் அடியில் கரி பிடித்திருந்தது. அண்ணன் துணியை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்தார். துடைத்துவிட்டு வந்து, "இதுங்களுக்கு நாகரிகம்னா என்னான்னு தெரியல" என்று கத்தினார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பொம்மையைக் கும்பிடுகிற அளவுக்கு அவர்கள் அறிவு கெட்டவர்கள் இல்லை. என்னைவிடச் சாமர்த்தியசாலிகள் என்று அந்தப் பாயில் உட்கார்ந்து நானே கண்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் சந்துப் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிற ஒரு கொழுந்துக்காரி, தேயிலை பறிக்கிறவள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தவள். அப்பா காலத்தில் ஒரு சேலைக்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வாள். தலையில் துண்டை நெற்றி மறைய இறக்கிக் கட்டிக்கொண்டு, கையில் தேங்காயும் பழமும் வைத்த பையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். செம்பை வாங்கும்போது என் விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க செத்துட்டதாச் சொன்னாங்க."

கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய உடம்பு ரயிலில் வந்து இறங்கி எங்கள் கடைக்குள் போனதை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். முதலாளி அழுத கண்ணோடு முன்னால் நடந்திருக்கிறார். தங்கச்சி புருஷனை இழந்து வந்ததும் தெரியும், அதற்குப் பிறகு அவளைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை என்பதும் தெரியும். கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்து கொண்டுவந்தார்கள் என்று யாரோ முடித்துவைத்தார்கள். மறுநாள் கண்ணாடிக்குள் அவளைப் போலவே வெள்ளைச் சேலையில் ஒரு சிலை. பாசமுள்ள அண்ணன், தங்கச்சிக்குச் சிலை வைத்திருக்கிறார் என்று தோட்டம் தோட்டமாகப் பேச்சு. கேதம் நடந்த வீட்டில் யார் போய்த் தீபாவளிச் சேலை எடுப்பார்கள்? அதனால் எதிர்ப்பக்கம் போனார்கள். அடுத்த வாரம் பார்த்தால் அதே சிலைக்குப் புதுச்சேலை, பூ, பொட்டு. செத்துப்போன பெண்ணைப் பண்டிகைக்கு முன்னால் சுமங்கலியாகச் சோடித்து வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது அவர்கள் குடும்பங்களில் உள்ள வழக்கம். தங்கச்சியை அண்ணன் சாமியாக்கிவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் கொஞ்சம் நெருங்கிப் பழகியவளாதலால், கடை வழியாக வராமல் முறைப்படி வீட்டு வழியாகத் துக்கம் கேட்க வந்திருக்கிறாள். பையில் இருந்த தேங்காயும் பழமும் எனக்குப் படையலுக்கு.

"நானுந்தாங்க சூடங் கொளுத்துனேன்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

அண்ணனைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே சொல்லவைத்தேன். கேட்டுவிட்டு அவர் முகம் வெளுத்துப் போனது. இப்போதாவது புத்தி வந்து, வா தங்கச்சி, முன்னால் வந்து உட்கார் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு நோட்டீஸ் அடித்துத் தோட்டம் தோட்டமாகக் கொடுக்கப் போகிறேன் என்றார். விளையாட்டுக்கு இல்லை. பென்சிலை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டார். என் சகோதரி பூரண சுகத்துடன் உயிரோடு இருக்கிறார் என்பதைப் பண்டிகைக்கு வந்திறங்கியுள்ள புதிய ரகங்களுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று என்னிடமே கேட்டார். உயிரோடு இருக்கிறேன் என்று அச்சடித்துக் காட்டலாம், ஆளைக் காட்டக்கூடாது! அந்தக் காகிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தேன். அண்ணனுக்கு முன்னால் நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை, கிழித்தது மட்டும்தான்.

சம்பள ஞாயிறு வந்தது. தெருவில் கூட்டம் நிறைந்ததும் மெஷினைத் தூக்கினேன். கை மெஷின் என்றாலும் கனம். பின்னறையிலிருந்து கடைக்குள் வந்து, மேசையைச் சுற்றி, கண்ணாடிக் கூட்டின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விற்பனையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொம்மையின் காலடியில் மெஷினை வைத்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடி முழுக்க ஈரம். வெளியே வண்ண வண்ணமாக ஏதோ அசைவது மட்டும்தான் தெரிந்தது. முந்தானையால் துடைத்தேன்.

வெளியே ஒரு இருபது பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி கையிலிருந்த குடையைக் கீழே போட்டாள். நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அத்தனை முகங்களை ஒன்றாகப் பார்க்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் மெஷினை ஓட்டினேன். ஊசியில் நூல்கூடக் கோத்திருக்கவில்லை. மஸ்கெலியாக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியை விரலால் தட்டினாள். நான் உள்ளேயிருந்து தட்டினேன். அவள் திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, சேற்றுக் காலோடு, சிவப்புப் பாலிஷ் தரை தெரியாத அளவுக்கு உள்ளே வந்துவிட்டார்கள்.

யாருடைய உத்தரவும் கேட்காமல் பரணிலிருந்து பாயை இறக்கச் சொன்னேன். சேலைகள் அலமாரியைவிட்டுத் தரைக்கு வந்தன. கசக்கினார்கள், எச்சில் தொட்டார்கள். நைலானை எச்சில் தொட்டுப் பார்த்து, இதற்குச் சாயமே இல்லையே என்று ஏமாந்தார்கள். ஒருத்திக்குப் பிறகு ஒருத்தியாகப் பின்னறைக்குக் கூட்டிப்போய் அளவெடுத்தேன். ரவிக்கைகளை வெட்டி, கண்ணாடிக்குள் உட்கார்ந்தே தைத்தேன். தெருவில் நின்று அது நடப்பதைப் பார்ப்பதற்கே ஆள் சேர்ந்தது. கடைசி பஸ்ஸுக்குள் பதினொரு ரவிக்கை. என் விரல் மரத்துப் போயிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்று சொன்னால், இறந்துபோனவருக்கு அது துரோகமோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் அதுதான் உண்மை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அண்ணன் வாசலில் நின்றார். அதே கெஞ்சுகிற குரல். நீ முன்னால் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான், இனி யார் என்ன சொன்னாலும் நீ முன்னால்தான் இருக்க வேண்டும் என்றார். "காலையில கடயத் தொறந்து, நம்ம கையால ஒரு போணி ஆயிரட்டும். அதுக்கப்பறம் நீ வந்து உக்காரு" என்றார்.

அதாவது, செத்துப்போன கடையை நான் எழுப்பிக் கொடுக்கலாம். முதல் வியாபாரம் ஆகும் வரை நான் மட்டும் செத்தவளாகவே இருக்க வேண்டும். மழை நாட்களில் முதல் ஆள் வரவே ஒன்பது ஒன்பதரை ஆகும். அதுவரை பின்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, முன்னால் துணி கிழிபடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முந்தைய இரண்டு வருடம்கூட எனக்கு அப்படி வலித்ததில்லை. ஐந்து நாள் பொறுத்தேன். எதற்காகப் பொறுத்தேன் என்று இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. மஸ்கெலியாவிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் அந்தக் கொழுந்துக்காரி தன் லயத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. அண்ணன் ஒரு கையில் தேத்தண்ணீர்க் கிளாசோடு மறு கையில் கஜக்கோலை எடுத்துக்கொண்டு, வாங்க வாங்க என்றார். யாரும் பாயில் உட்காரவில்லை. அம்மா வரட்டும் என்றாள் அவள். முதலில் ஒரு துணி என் கையால் எடுங்கள், பிறகு தங்கச்சி வருவாள் என்றார் அண்ணன். ஏன் என்று கேட்டாள். அவர் சுற்றி வளைத்தார். நல்ல நாள் என்றார், உங்கள் நன்மைக்குத்தான் என்றார். கடைக்கும் பின்னறைக்கும் நடுவில் தொங்கிய துணியை விலக்கிக்கொண்டு நான் எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றிருந்தேன்.

அவள் தலைத்துண்டை மெதுவாக அவிழ்த்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து தெரியும் என்று பெருமை பேசுகிற நான், அவள் நெற்றியை இத்தனை நாள் பார்க்கவே இல்லை.

"மொதலாளி, நானும் தாலி அறுத்தவதான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஆறு வருசமா விடியக்காலப் பெரட்டுல பேர் குடுக்க மொத ஆளா போறேன். மொத நெரையில மொதக் கொழுந்த நாந்தான் கிள்ளுறேன். எங் கை பட்டு எந்தத் தேயிலச் செடியுங் கருகிப் போகலீங்க. அந்தத் தேயிலயக் குடிச்சிப்புட்டுத்தான நீங்க தெனமுங் கடயத் தொறக்கிறீங்க?"

அண்ணன் கையிலிருந்த கிளாசைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார். மீதியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கிளாசை மேசையில் வைத்தார், பக்கத்தில் கஜக்கோலையும் வைத்தார். என்னைக் கூப்பிடவில்லை. விற்பனையாளைப் பார்த்து, கண்ணாடியை ஏன் இன்னும் துடைக்கவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டே வெளியே போனார். நான் வந்து கஜக்கோலை எடுத்தேன்.

அவள் மரகதப் பச்சையில் ரவிக்கைத் துணி கேட்டாள். அளந்து, கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தேன். அன்றைய முதல் துணி.

அதற்குப் பிறகு கடை பிழைத்துக்கொண்டது. வெளிநாட்டுத் துணி வரத்துக்குக் கட்டுப்பாடு வந்து மற்ற புடவைக்கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திய வருடங்களிலும், தைத்துக் கொடுப்பதை வைத்தே நாங்கள் தாக்குப் பிடித்தோம். தெருவில் இன்னும் இரண்டு கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பெண்கள் மெஷினோடு உட்கார்ந்தார்கள். எல்லாம் தன் யோசனை என்று அண்ணன் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டார். மறுத்துப் பேச எனக்கு நேரமில்லை, தையல் குவிந்து கிடந்தது.

பொம்மையை அந்தத் தீபாவளி முடிந்த மறுநாளே எடுத்துவிட்டார்கள். கூட்டுக்குள் நானும் மெஷினும் அதுவும் இருக்க இடம் போதவில்லை. உடைக்க மனமில்லாமல் அண்ணன் பின்னறையில், என் முக்காலி இருந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் பொட்டை அழிக்க அண்ணிக்குப் பயம். வளையலும் மஞ்சள் கயிறும் காய்ந்த பூவுமாக அது வருடக்கணக்கில் அந்த இருட்டிலேயே நின்றது. நான் வெறும் நெற்றியோடு தினமும் ஆறரை மணிக்குக் கடையைத் திறந்தேன்.